சோறு என்று சொல்லிப் பூக்கோசு

சோறு இல்லாத இடத்தில் கீரையையும் காயையும் வைப்பது தமிழுக்குப் புதிய செய்தியன்று. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் அந்த ஏழை வீட்டை நினைத்துப் பார்ப்போம். கழிகள் கழன்ற பழஞ்சுவர், கறையான் அரித்த மண்ணில் பூத்த காளான், குட்டி ஈன்ற நாய் குரைக்கும் பொலிவிழந்த அடுக்களை. அவ்வீட்டுக் கிணைமகள் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பார்ப்பவர் பழிப்பார்களே என்ற நாணத்தால் வாயிற்கதவை அடைத்துவிட்டு உண்கிறாள். அரிசி இல்லாமையின் அடையாளம் அந்தக் கீரை.

இன்றைய அடுக்களையில் காட்சி தலைகீழாகிவிட்டது. அரிசிப்பானை நிறைந்திருக்கிறது, ஆயினும் அதன் பக்கத்திலேயே ஒருவர் காலிஃப்ளவரைத் துருவிக்கொண்டிருக்கிறார். நாம் பூக்கோசு என்று சொல்லும் அந்தக் காயை அரிசிமணி அளவுக்குப் பொடித்து, வாணலியில் புரட்டி, சோற்றுக்குப் பதிலாகத் தட்டில் வைக்கும் பழக்கம் மேலைநாட்டு உணவுக் கட்டுப்பாட்டு முறைகளின் வழியாக வந்து, இப்போது நம்மவர் வீடுகளிலும் இடம்பிடித்திருக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் துருவலுக்கும் தாளிப்பிற்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சோற்றுக்கு இத்தனை சொற்களை வைத்திருக்கும் ஒரு மொழியைப் பேசுகிறவர்கள், சோற்றைக் கைவிடும்போது அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பது எப்படி?

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூக்கோசுத் துருவல் நல்ல உணவு. வீட்டில் செய்வதும் எளிது. அதைச் சோறு என்று சொல்லி நோயாளி ஒருவருக்கு மட்டும் தனியே படைப்பதுதான் தவறு. கறி என்று சொல்லி எல்லோருக்கும் நடுவில் வைத்தால், அது செய்ய வேண்டிய வேலையைச் செம்மையாகச் செய்யும்.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கு எண்களே விடை சொல்லும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி. மாவுச்சத்து மட்டும் 28 கிராம். அதே எடையுள்ள பூக்கோசில் 25 கலோரி. மாவுச்சத்து 5 கிராம், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முன்நிலையில் இருப்பதாகவும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஒவ்வொரு தெருவிலும், அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும், 'சோற்றைக் குறையுங்கள்' என்ற மருத்துவரின் சொல்லோடு வீடு திரும்பிய ஒருவர் இருக்கிறார் என்பது இதன் பொருள். அவருடைய தட்டில் எதை வைப்பது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்த விடைகளில் ஒன்று பூக்கோசு.

பெயரைப் பற்றிச் சற்றுப் பேசவேண்டும். அமெரிக்காவில் இது பெரும் வழக்காகவே ஆகியிருக்கிறது. அந்நாட்டில் விளையும் நெல்லில் ஏறத்தாழப் பாதியை விளைவிப்பது ஆர்கன்சா மாநிலம். நெல்லிலிருந்து வராத ஒன்றை அரிசி என்று பெயரிட்டு விற்கலாகாது என அம்மாநிலம் 2019இல் சட்டமே இயற்றியது. நெல் விளைவிப்போரின் கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் தமிழில் அப்படி ஒரு வழக்கைத் தொடுத்தால் நிற்பது கடினம். தினையரிசி, வரகரிசி, சாமையரிசி எல்லாம் நமக்கு அரிசிகளே. பறம்பு மலையில் உழவர் உழாமலே விளையும் நான்கு பொருள்களைக் கபிலர் எண்ணும்போது மூங்கிலின் நெல்லைத்தான் முதலில் சொல்கிறார், அதுவே மூங்கிலரிசி. ஏலக்காயின் உள்ளிருக்கும் விதை ஏலரிசி. பாயசத்தில் போடும் ஜவ்வரிசியோ வித்தே அன்று. சேலத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் மாவைத் திரட்டி உருட்டி எடுப்பது அது. 'சோறு' என்ற சொல்லும் அவ்வாறே தாராளமானது. கற்றாழை மடலைப் பிளந்தால் உள்ளே இருப்பதைக் கற்றாழைச் சோறு என்கிறோம். பெரும்பாணாற்றுப்படை வரகில் சமைத்ததையும் சொன்றி என்றே சொல்கிறது. ஆகவே 'பூக்கோசு அரிசி' என்றோ 'பூக்கோசுச் சோறு' என்றோ ஒருவர் சொன்னால் மொழி கோபித்துக்கொள்ளாது.

கோபித்துக்கொள்வது நாக்கு. சோறு என்று கேட்டவுடன் நாக்கு ஒன்றை எதிர்பார்க்கிறது. தட்டிலிருப்பது அதைத் தருவதில்லை. ஏன் தருவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் சமையலும் எளிதாகும், ஏமாற்றமும் குறையும். அரிசி ஏறக்குறைய உலர்ந்த பொருள். அதில் நீர் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவே. நீரைக் குடித்து, உள்ளிருக்கும் மாவு இளகிப் பருத்து, மணி மலர்ந்து அது சோறாகிறது. பூக்கோசில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு நீர். அரிசி நீரை வாங்கிக்கொண்டு வேகிறது. பூக்கோசு நீரை விட்டுக்கொண்டு வேகிறது. சோறு சமைப்பது நீரை ஊட்டும் கலை என்றால் இது நீரை ஓட்டும் கலை. இந்த ஒன்றை மறந்து, சோற்றுக்குச் செய்வதுபோல் நீர் ஊற்றி மூடி வைத்தவர்கள்தாம் 'கூழாகிவிட்டது, நாறுகிறது' என்று பூக்கோசின் மேல் பழிபோடுகிறார்கள்.

இனிச் செய்முறை. இலையும் அடித்தண்டும் நீக்கி 600 கிராம் அளவுள்ள பூக்கோசை எடுத்துக்கொள்ளலாம். கறியாக வைத்தால் மூவர் நால்வருக்குப் போதும். பூக்களைப் பெரிய துண்டுகளாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்தால் புழு இருந்தாலும் வெளியேறிவிடும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டியதில்லை. பிறகு நீரை வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போக ஆறவிட வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடும் படி இதுதான். அரைமணி நேரமாவது துணியில் கிடக்கட்டும். உலர்ந்த பின் காய் துருவியின் பெரிய கண்ணில் துருவலாம். மிக்சி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு நொடி ஓட்டி ஒரு நொடி நிறுத்தி, நான்கைந்து முறை சுற்றினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் விழுதாகிவிடும். இளந்தண்டை எறிய வேண்டாம். தோல் சீவித் துருவினால் அதுவும் நன்றாகவே மணிமணியாக வரும். துருவியதை மெல்லிய துணியில் கட்டி ஒருமுறை பிழிந்துவிட வேண்டும். பிழிந்த நீர் குழம்புக்கு ஆகும்.

வாயகன்ற இரும்பு வாணலி நல்லது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவலைக் கொட்டி, தீயைக் குறைக்காமல் நான்கைந்து நிமிடம் கிளறவேண்டும். மூடக்கூடாது, மூடினால் ஆவி திரும்பி நீராக விழும். உப்பை இறக்கும்போதுதான் சேர்க்கவேண்டும். முன்பே போட்டால் உப்பு நீரை இழுத்துவிடும். நெடுநேரம் வேகவைத்தால் கோசு இனத்துக்கே உரிய கந்தக நெடி எழும். ஆகவே கடிக்கும்போது சிறிது எதிர்ப்புக் காட்டும் பதத்திலேயே இறக்கிவிடுவது நலம். முட்டைக்கோசும் நூல்கோலும் தாவரவியலில் பூக்கோசின் உடன்பிறப்புகள்; மூன்றும் ஒரே இனத்தின் வெவ்வேறு வடிவங்கள். இதே முறையில் அவற்றையும் செய்யலாம். பூக்கோசின் விலை ஏறியிருக்கும் நாள்களில் முட்டைக்கோசே போதும்.

எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதையும் நீரே முடிவு செய்கிறது. சோற்றுப் பருக்கை சாம்பாரை உறிஞ்சித் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பூக்கோசுத் துருவல் உறிஞ்சாது; ரசம் ஊற்றினால் ரசம் ஒரு பக்கமும் துருவல் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். எலுமிச்சைச் சாறு, கெட்டியான புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, மிளகும் சீரகமும் நுணுக்கியது ஆகியவற்றோடு அது மிக இணக்கமாகப் போகும். கெட்டித் தயிரோடும் சேரும், கலந்தவுடன் உண்டுவிட்டால். நம் சமையலில் இதற்கு முன்னோடியே இருக்கிறது. கொத்தவரையோ வாழைப்பூவோ சேர்த்துச் செய்யும் பருப்பு உசிலியின் உதிர்பதம் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று எண்ணிச் செய்பவர்களைவிட, உசிலியின் தம்பி என்று எண்ணிச் செய்பவர்கள் இதில் விரைவாகத் தேறுவார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டவேண்டும். 150 கிராம் சோற்றில் ஏறத்தாழ 195 கலோரி. 150 கிராம் பூக்கோசில் 38. இலாபம் 157 என்று மகிழ்ந்து, சுவைக்காக இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் அதிலேயே 240 கலோரி வந்துவிடும். மொத்தம் 278. சோற்றை விடவும் கூடுதல். ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவலும் தூவினால் மேலும் நூறு. 'பூக்கோசுக்கு மாறியும் எடை குறையவில்லையே' என்று வியப்பவர்கள் எண்ணெய்ச் சட்டியை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கு பசியைப் பற்றியது. சோற்றை முற்றும் எடுத்துவிட்டுப் பூக்கோசை மட்டும் வைத்தால் வயிறு அப்போதைக்கு நிரம்பும்; இரண்டு மணி நேரத்தில் வீடு முழுவதும் முறுக்கு டப்பாவைத் தேடவைக்கும். பூக்கோசில் புரதம் குறைவு, ஆற்றலும் குறைவு. ஆகவே அதன் பக்கத்தில் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ இருந்தாக வேண்டும். நாம் பரிந்துரைப்பது முழுத் துறவன்று. வழக்கமாக இரண்டு கரண்டி சோறு உண்பவர் ஒரு கரண்டி சோற்றை வைத்துக்கொண்டு, மற்றொரு கரண்டியின் இடத்தை இந்தத் துருவலுக்கும் பருப்புக்கும் கொடுக்கட்டும். அந்த ஒரு கரண்டிச் சோறு சாம்பாருக்கும் ரசத்துக்கும் உரியது. அதைப் பறிக்க வேண்டியதில்லை.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் நீரிழிவு மாத்திரை உண்பவர்களும் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மருந்தின் அளவு வழக்கமான உணவைக் கருதிக் குறிக்கப்பட்டது. ஒருநாள் திடீரென்று சோற்றை நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகக் குறைப்பதே முறை. வளரும் குழந்தைக்கும், உடல் மெலிந்துவரும் முதியவருக்கும் இந்த மாற்றுத் தேவையே இல்லை. அவர்களுக்குச் சோற்றின் ஆற்றல் வேண்டும்.

இவ்வளவும் உடல் பற்றியது. நம்மை இதை எழுதத் தூண்டியது வேறொன்று. நம் நினைவில் சோறு மறுக்கப்படுவது எப்போதும் ஓர் இழப்பின் அடையாளமாகவே இருந்திருக்கிறது. புறநானூற்றின் 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனாரின் கைம்பெண், இளமையில் தழையாக உடுத்திய ஆம்பல், கணவன் இறந்தபின் அல்லியரிசியாகித் தனக்கு உணவானதை எண்ணி வருந்துகிறாள். சோறு மறுக்கப்பட்டவர் மங்கலத்திலிருந்து விலக்கப்பட்டவர். அண்மை வரலாறும் அந்த ஏக்கத்தையே சொல்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் ஒலித்தது. 2008இல் நியாயவிலைக் கடையில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 முதல் விலையில்லா அரிசியானது. வெள்ளைச் சோறு வயிறார உண்பதே வாழ்வு என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ஒரு சமூகத்திடம், அது கிடைத்துவிட்ட காலத்தில் 'குறைத்துக்கொள்' என்கிறோம். அந்தச் சொல் காதில் எப்படி விழும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டாமா?

அப்படிப்பட்ட ஒருவருக்கு, குடும்பம் முழுவதும் சுடச்சுடச் சோறு உண்ணும் பந்தியில், தனிக் கிண்ணத்தில் பூக்கோசை வைத்து 'அப்பா, இது உங்கள் சோறு' என்று நீட்டினால் என்ன ஆகும்? அவர் உண்பார்; ஆனால் தண்டனையை உண்பதுபோல் உண்பார். இரவில் யாரும் பாராத வேளையில் பானையைத் திறப்பார். மறுநாள் காலையில் சர்க்கரை அளவு ஏறியிருக்கும். வீட்டார் அவருடைய நாவடக்கமின்மையைக் குறை சொல்வார்கள். உண்மையில் அடங்க மறுத்தது நாக்கு மட்டுமன்று, மானமும்தான். இன்னொரு பக்கம், இரண்டு பேருக்கு இரண்டு சமையல் என்று நின்று நின்று கால் வீங்கும் ஒருவர் அடுக்களையில் இருக்கிறார். பெரும்பாலான வீடுகளில் அவர் ஒரு பெண். தனித்தட்டு அவரையும் சேர்த்தே தண்டிக்கிறது.

சிறுபாணாற்றுப்படைக் காட்சியில் நாம் முதலில் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் கிணைமகள் உப்பில்லாக் கீரையைத் தான் மட்டும் உண்ணவில்லை. பெரிய சுற்றத்தோடு ஒன்றாக இருந்து உண்கிறாள். கதவை அடைத்தது ஊரைக் கருதித்தான். வீட்டுக்குள் தட்டுகள் பிரிக்கப்படவில்லை. அவ்வளவு வறுமையிலும் காப்பாற்றப்பட்ட அந்த ஒன்றை, இவ்வளவு நிறைவில் நாம் தொலைக்கவேண்டுமா என்பதே நம் கேள்வி.

எதிர்க்குரல்களும் உண்டு. சோறு நஞ்சா என்று கேட்பவர்களுக்கு நம் விடை, இல்லை என்பதே. வயலில் நின்று உழைத்தவர் உண்ட அளவை நாற்காலியில் அமர்ந்து உழைப்பவரும் உண்பதில்தான் சிக்கல். பணக்காரரின் பொழுதுபோக்கு என்பவர்களிடம் முட்டைக்கோசையும் கொத்தவரையையும் காட்டுவோம். தவிடு நீக்காத அரிசி, சிறுதானியம் இருக்கப் பூக்கோசு எதற்கு என்பவர்களோடு நமக்குச் சண்டையில்லை. தவிடும் நாரும் நல்லவையே. ஆனால் அவற்றின் கலோரி அளவு வெள்ளை அரிசியினின்று பெரிதும் வேறுபடுவதில்லை; அளவின்றி உண்டால் அவையும் குறைத்துத் தாரா. காயின் பங்கு கூடினால்தான் தட்டின் கணக்கு மாறும்.

ஆகவே, துருவுங்கள், தாளியுங்கள், ஒரே சட்டியில் எல்லோருக்குமாகச் செய்து நடுவில் வையுங்கள். சர்க்கரை உள்ளவர் மூன்று கரண்டி எடுத்துக்கொள்ளட்டும், இல்லாதவர் ஒரு கரண்டி; சோறு அதே பந்தியில் அளவோடு சுற்றிவரட்டும். 'இன்று பூக்கோசு உசிலி' என்று சொல்லிப் பரிமாறினால் போதும். சோறு என்று சொல்லி அதன்மேல் சுமத்திய பாரம் இறங்கிவிடும். தனக்குரிய பெயரில் வரும்போது அது நன்றாகவே சுவைக்கும்.